மருத்துவமனையில் கவசம் யாருக்கு?

அறுவை அரங்கில் ரத்தம் தோய்ந்த ஒரு விரிப்பை எடுத்துக்கொள்வோம். அது விரிக்கப்பட்டிருந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள் கிருமி நீக்கிய கவுன், இரட்டைக் கையுறை, முகக்கவசம், தலைமூடி எல்லாம் அணிந்திருந்தார்கள். அறுவை முடிந்ததும் விரிப்பைச் சுருட்டி எடுக்கும் உதவியாளரிடம் மெல்லிய கையுறை ஒரு ஜோடி இருக்கும். தள்ளுவண்டியில் அதைச் சலவைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறவரிடம் அதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. சலவைக் கூடத்தில் உதறிப் பிரிப்பவர் வெறுங்கையோடு நிற்கிறார். மடிப்புக்குள் தையல் ஊசியோ பிளேடோ தவறிக் கிடந்தால் குத்துவது அவர் விரலில்தான். நான்கு பேர் கையிலும் பட்டது ஒரே ரத்தம். அறுவை நிபுணருக்கு அந்த நோயாளிக்கு என்ன நோய் என்று தெரியும். நான்காவது ஆளுக்கு அதுவும் தெரியாது.

சுகாதாரப் பணியாளர்களின் உடை பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சுதான் நடக்கிறது. ஒன்று ஒழுங்கு பற்றியது: ஜீன்ஸ் போடலாமா, டீ-சர்ட் கூடுமா, நகப்பூச்சு சரியா. 2023-ல் ஹரியானா அரசு தன் மருத்துவமனைகளுக்கு வகுத்த உடைக் கட்டுப்பாடு அந்த வகை. இன்னொன்று பெருந்தொற்று வரும்போது எழும் பதற்றம். கவச உடை கிடைத்ததா, எத்தனை லட்சம் வந்தது என்ற கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் தினசரிக் கேள்வி தொலைந்துபோகிறது. இந்த வேலையைச் செய்யும்போது உடம்பில் எங்கே என்ன தெறிக்கும், எதைச் சுவாசிக்க நேரும், அதைத் தடுக்க என்ன அணிய வேண்டும்? இதற்கு விடை வேலையைப் பார்த்துச் சொல்லப்பட வேண்டும். நம் மருத்துவமனைகளில் பதவியைப் பார்த்துச் சொல்லப்படுகிறது.

கையுறையின் கதையே இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. 1889-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணரின் அரங்கில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியர் வேலை செய்தார். கிருமி நீக்கப் பயன்படுத்திய பாதரசக் கரைசலில் அவர் கைகள் வெந்து தோல் உரிந்தன. அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்து தரும்படி குட்இயர் ரப்பர் நிறுவனத்தை ஹால்ஸ்டெட் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு இருவரும் மணம் செய்துகொண்டார்கள் என்பது துணைச் செய்தி. அறுவைக் கையுறை பிறந்தது நோயாளிக்காக அல்ல, ஒரு தொழிலாளியின் கைக்காக. நிபுணர்கள் எல்லோரும் அதை அணியத் தொடங்கிய பிறகே அறுவைப் புண்கள் சீழ் பிடிப்பது குறைந்ததைக் கவனித்தார்கள். ஹால்ஸ்டெட்டின் சீடர் ஜோசப் பிளட்குட் 1899-ல் அதை எழுதி வெளியிட்டார்.

முகக்கவசம் எதிர்த் திசையில் வந்தது. 1897-ல் யோஹான் மிக்குலிட்ஸ் என்ற அறுவை நிபுணர் அறுவையின்போது மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டது, தன் எச்சில் துளி நோயாளியின் திறந்த புண்ணில் விழாதிருக்க. மருத்துவரைக் காக்கும் கருவியாக அதை மாற்றியவர் பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த மருத்துவர் வூ லியன்-தே. 1910-ன் கடைசியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் நுரையீரல் பிளேக் பரவியபோது, நோய் காற்றில் பரவுகிறது என்று கண்டு, பஞ்சு வைத்துத் தைத்த அடுக்குத் துணிக் கவசத்தை எல்லோரையும் அணியச் சொன்னார். ஜெரால்ட் மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர், இளைஞரான ஒரு சீனர் சொல்வதைத் தான் கேட்பதா என்று கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் பிளேக்கில் இறந்தார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அந்தக் கொள்ளைநோயில் ஊரே கவசத்தை நம்பத் தொடங்கியது அந்தச் சாவுக்குப் பிறகுதான். நோயாளியைக் காப்பது, பணியாளரைக் காப்பது என்ற இந்த இரண்டு நோக்கங்களையும் பிரித்துப் பார்க்காததால்தான் இன்றும் பல குழப்பங்கள். காசநோயாளிக்கு என்95 மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்கும் செவிலியர் சாதாரண மூன்றடுக்கு மாஸ்க் அணிந்திருப்பதைப் பார்க்கலாம். தலைகீழாக இருக்க வேண்டியது அது. இருமுகிறவருக்குத் துளியை மறிக்கும் மாஸ்க் போதும். அந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்குத்தான் வடிகட்டி தேவை.

மூன்றாவது திருப்பம் எச்ஐவி. யாரிடம் கிருமி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லோருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகக் கருதியே கையாள வேண்டும் என்ற விதியை அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1985-ல் வகுத்தது. அடுத்த ஆண்டே சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். நோய் தெரிந்த பிறகு கவசம் என்ற வழக்கம் அன்றே ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவின் தாலுகா மருத்துவமனையில், காய்ச்சலோடு வந்த ஓர் இளைஞரைப் பராமரித்த செவிலியர் லினி நிபாவில் இறந்தார். அவர் அந்த இளைஞரைத் தொட்டுப் பார்த்தபோது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. ஆய்வக முடிவு எப்போதும் இப்படித் தாமதமாகத்தான் வரும். இருமலோடு வருகிறவர் என்றால் மாஸ்க், ரத்தமோ வாந்தியோ தெறிக்கும் என்றால் கையுறை, ஏப்ரன், கண்ணாடி என்று வேலையை வைத்து முன்கூட்டியே முடிவு செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மருத்துவமனையில் முதலில் கவனிக்கப்பட வேண்டிய இடம் பிரசவ வார்டு. பனிக்குடம் உடைந்து தெறிப்பது எந்த நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தப்போக்கு என்றால் முழங்கை வரை நனையும். முழங்கால் வரை இறங்கும் நீர்புகா ஏப்ரன், முகத்தை மூடும் ஷீல்டு, நீண்ட கையுறை, மூடிய காலணி ஆகியவை அங்கே அன்றாடத் தேவை. நடப்பில் ஒரே பிளாஸ்டிக் ஏப்ரனைத் துடைத்துத் துடைத்து ஒரு ஷிஃப்ட் முழுவதும் மூன்று நான்கு பிரசவத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். காலில் ரப்பர் செருப்பு.

காலணி பற்றி நாம் பேசியே ஆக வேண்டும். ஐசியூ வாசலிலும் பிரசவ வார்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்வது நம் ஊர் வழக்கம். கோயிலும் வீடும் நமக்குக் கற்றுக்கொடுத்த தூய்மை உணர்வு அது. அதில் மரியாதையும் இருக்கிறது. ஆனால் நோய்த்தொற்று வெறுங்காலால் குறைகிறது என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. தரையில் விழுந்த ஊசி காலில் ஏறும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதே இல்லை. வாசலில் செருப்பு வைக்கும் தட்டு வாங்கும் பணத்தில், உள்ளே மட்டும் அணியும் முன்பக்கம் மூடிய, கழுவக்கூடிய காலணிகளை வாங்கி வைக்கலாம்.

கையுறைக்கு வருவோம். கையுறை போட்டுவிட்டால் கை சுத்தம் என்ற நம்பிக்கைதான் அதன் மிகப் பெரிய ஆபத்து. ஒரு நோயாளியின் புண்ணைத் தொட்ட அதே கையுறையோடு கேஸ் ஷீட்டைப் புரட்டி, செல்போனை எடுத்து, கதவைத் திறந்து, அடுத்த படுக்கைக்குப் போனால் கையுறை கிருமியைச் சுமக்கும் வண்டியாகிவிடுகிறது. கழற்றிய பிறகும் கை கழுவ வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அறுவையில் இரட்டைக் கையுறை அணிந்தால் உட்கையுறை துளைபடுவது 71 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு 2014-ல் சொன்னது. மாவு தடவிய கையுறைகள் ஒவ்வாமையைக் கிளப்புவதால் அமெரிக்கா 2017-ல் அவற்றைத் தடை செய்தது.

மாஸ்க் விஷயத்தில் ஆய்வுகள் பலரும் நினைப்பதுபோல ஒரே திசையைக் காட்டவில்லை. வியட்நாமின் ஹனோயில் 14 மருத்துவமனைகளின் 1,607 பணியாளர்களை வைத்து நடந்து 2015-ல் வெளியான ஆய்வு, துணி மாஸ்க் அணிந்தவர்களுக்கு மருத்துவ மாஸ்க் அணிந்தவர்களைவிடக் காய்ச்சல் தொற்று கூடுதல் என்று காட்டியது. துணியைத் துகள்கள் ஏறத்தாழ 97 சதவீதம் ஊடுருவின. மருத்துவமனை வேலைக்குத் துணி மாஸ்க் உதவாது என்பது அத்தோடு முடிந்துபோன விஷயம். ஆனால் என்95-க்கும் மருத்துவ மாஸ்க்குக்கும் நடுவே, 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஃப்ளூ தொற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. இதை வைத்து என்95 வீண் என்று வாதிடுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அந்த ஆய்வு நடந்தது புறநோயாளிப் பிரிவுகளில். ஃப்ளூ வீட்டிலும் தெருவிலும்கூடத் தொற்றும். காசநோய் வார்டில் நாள் முழுக்க நிற்பவருக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது.

என்95 வேலை செய்யும் விதம் தெரிந்தால் அதைப் பாழாக்காமல் இருக்கலாம். அதன் நடு அடுக்கில் உள்ள நுண்ணிழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது, 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை அது இழுத்துப் பிடிக்கிறது. சோப்பில் துவைத்தாலோ ஸ்பிரிட் தெளித்தாலோ மின்னூட்டம் போய்விடும், பார்வைக்கு மாஸ்க் அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம் பொருத்தம். மூக்குப் பாலத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் காற்று சுலபமான வழியைத்தான் தேடும். தலையில் ஒரு கூடு மாட்டி உள்ளே கசப்பு அல்லது இனிப்புத் திரவத்தைத் தெளித்து, மாஸ்க் அணிந்தவருக்குச் சுவை தெரிகிறதா என்று பார்ப்பது பொருத்தச் சோதனை. சுவை தெரிந்தால் மாஸ்க் கசிகிறது. வேறு அளவோ வேறு வடிவமோ தேட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யும் மருத்துவமனைகள் நம்மிடம் அரிது. உலகச் சுகாதார, சமூகப் பராமரிப்புப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால் மாஸ்க்கும் கவச உடையும் நெடுங்காலமாக ஆண் உடல் அளவை வைத்தே வடிவமைக்கப்பட்டன. சிறிய முகத்தில் பெரிய என்95 என்றால் அது மாட்டியும் மாட்டாததும் ஒன்றுதான்.

காற்றில் பரவும் நோய்க்கு மாஸ்க்குக்கு முன்னால் ஜன்னல் இருக்கிறது. பெருவின் லிமா நகர மருத்துவமனைகளை அளந்து 2007-ல் வெளியான ஆய்வு, 1950-க்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட வார்டுகளில் காற்றோட்டம் நவீனக் கட்டடங்களைவிட நன்றாக இருந்ததைக் காட்டியது. காசநோய் மருத்துவர் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் தொடங்கியபோது திறந்த காற்றையே மருந்தாக நம்பினார். ஏசி பொருத்துவதற்காக ஜன்னலை அடைத்துவிட்டு ஊழியருக்கு மாஸ்க் கொடுப்பது, கையில் இருந்த பாதுகாப்பைத் தள்ளிவிட்டு அதைவிடச் சிறியதைக் கொடுப்பது.

2020-ன் கவச உடையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த மார்ச்சில் நாட்டின் சில இடங்களில் மருத்துவர்கள் மழைக்கோட்டு அணிந்து வேலை செய்தார்கள். கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவில்தான் நாடெங்கிலுமிருந்து வந்த துணி மாதிரிகள் சோதிக்கப்பட்டன. செயற்கை ரத்தத்தைத் துணியின் ஒரு பக்கம் வைத்து, படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டி, மறுபக்கம் கசிகிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனை. துணி தாங்கினாலும் தையல் தாங்காது; ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். அதனால் தையல் ஓடிய இடமெல்லாம் சூடான காற்றால் டேப் ஒட்ட வேண்டும், அப்படி ஒட்டும் இயந்திரங்களுக்குத்தான் அன்று பெரும் பஞ்சம். பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர் நிறுவனங்கள் கவச உடைக்கு மாறின. மே மாத நடுவில் நாளொன்றுக்கு 4.5 லட்சம் உடைகள் தயாராவதாக அரசு அறிவித்தது. அந்த உழைப்பு பெரியது.

ஆனால் தலையோடு கால் மூடும் அந்த உடை எல்லா இடத்துக்கும் தேவைப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் கோவிட் பராமரிப்புக்குக் கேட்டது நீண்ட கைக் கவுன், மாஸ்க், கண்காப்பு, கையுறை. இந்திய அரசின் வழிகாட்டுதலும் முழு உடையை ஐசியூ போன்ற இடங்களுக்கே ஒதுக்கியது. நடப்பில் அச்சம் முடிவெடுத்தது. சென்னை வெயிலில் அந்த உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்குப் போகாமல் நின்ற செவிலியர்கள் மயங்கி விழுந்தார்கள். மாதவிடாய் நாட்களில் பட்ட பாட்டை அவர்கள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொண்டார்கள். அணிந்தவரைத் தளர வைக்கும் கவசம் கழற்றும் நேரத்தில் தவறு செய்ய வைக்கும்.

தொற்று பெரும்பாலும் நுழைவது கழற்றும்போதுதான். 2014-ல் மாட்ரிட் நகரில் எபோலா நோயாளியைப் பராமரித்த செவிலிய உதவியாளர் ஒருவர், உடையைக் கழற்றுகையில் கையுறை முகத்தில் பட்டதால் தொற்றியிருக்கலாம் என்று கருதப்பட்டது. அமெரிக்காவில் டாலஸ் நகரச் செவிலியர் இருவருக்குத் தொற்றிய பிறகு, அணிவதையும் கழற்றுவதையும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று கண்காணிக்க வேண்டும் என்று விதி மாறியது. ஒஹாயோ மாநில மருத்துவமனைகளில் கையுறையிலும் கவுனிலும் ஒளிரும் பசையைத் தடவிவிட்டுக் கழற்றச் சொன்னார்கள். 435 முறை கழற்றியதில் 46 சதவீதம் தோலிலோ உடையிலோ பசை ஒட்டியது. தங்கள் தோலில் பசை மின்னுவதைக் கண்ணால் பார்த்துப் பயின்ற பிறகு தவறு வெகுவாகக் குறைந்தது.

கழற்றும் முறை சிக்கலானதல்ல. ஒரு கையால் மறு கையுறையின் மணிக்கட்டு வெளிவிளிம்பைக் கிள்ளி, உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். உரித்ததைக் கையுறை உள்ள உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உள்ளே நுழைத்து அதையும் அதே மாதிரி உரித்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாய்ப் பொதிந்து வரும். பிறகு கண்ணாடி, கவுன். மாஸ்க் கடைசியில், முன்பக்கத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்து. முகம் பார்க்கும் கண்ணாடியும் ஒளிரும் பசையும் புற ஊதா விளக்கும் இருந்தால் எந்த அரசு மருத்துவமனையிலும் ஒரு மதியத்தில் இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அன்றாட உடைக்கும் இதே அக்கறை வேண்டும். பிரிட்டனின் பொது மருத்துவ அமைப்பு 2007-ல் முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்றது: நீண்ட கை, கைக்கடிகாரம், மோதிரம், கழுத்தில் டை எல்லாம் விலக்கப்பட்டன. அந்த விதியால் மட்டும் நோய்த்தொற்று குறைந்தது என்று நிறுவ முடியவில்லை. ஆனால் மணிக்கட்டு வரை ஒழுங்காகக் கழுவ வெறுங்கை வேண்டும் என்பது நியாயமே. நம் ஊரில் இந்தக் கேள்வி முந்தானைக்கும் துப்பட்டாவுக்கும் வரும். குனியும்போது படுக்கையில் உரசாதபடி பின் குத்தி, மேலே கோட் அணியும் வழக்கம் நல்ல தீர்வு. ஸ்க்ரப் இன்னும் நல்லது. 2023-ல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முஸ்லிம் மாணவிகள் அரங்கில் நீண்ட கைச் சட்டையும் தலைமூடியும் கேட்டபோது அது உடனே மதச் சண்டையாக்கப்பட்டது. கழுவும்போது கழற்றி, பிறகு மாட்டிக்கொள்ளும் ஒருமுறைப் பயன்பாட்டு முன்கை உறைகளைப் பிரிட்டன் ஏற்கெனவே அனுமதித்திருக்கிறது. தொற்றுத்தடுப்புக் குழு அமைதியாகப் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம் அது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை துவைப்பது. பிரிட்டனின் வழிகாட்டுதல் சீருடையை 60 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் துவைக்கச் சொல்கிறது. நம் செவிலியர் அதே சேலையோடு பேருந்தில் ஏறி, வீட்டுக்குப் போய், குழந்தையின் துணியோடு ஒரே வாளியில் ஊறவைக்கிறார். வேலை இடத்தில் உடை மாற்றும் அறையும், மருத்துவமனையே சீருடையைத் துவைத்துத் தரும் ஏற்பாடும் நிர்வாகத்தின் பொறுப்பு. வெள்ளைக் கோட்டோடு டீக்கடைக்குப் போகும் பயிற்சி மருத்துவரைக் கண்டிக்கும் முன் அதை மாட்டிவைக்க ஓர் ஆணியாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கவசத்திலேயே அதிகம் விடுபட்டவர்கள் தூய்மைப் பணியாளர்களும் பிணவறை உதவியாளர்களும். குப்பை வாருகிறவருக்குத் தேவை முழங்கை வரை நீளும் தடித்த ரப்பர் கையுறை, கம்பூட், நீர்புகா ஏப்ரன். கிடைப்பது ஊசி சுலபமாக ஏறிவிடும் பரிசோதனைக் கையுறை, அதுவும் ஆள் அளவு பார்க்காமல். 2016-ன் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் இவர்களுக்குக் கவசமும், ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசியும், ஆண்டுக்கு ஒரு முறை உடல் பரிசோதனையும் கட்டாயம் என்கின்றன. ஒப்பந்த நிறுவனம் மூலம் ஆள் எடுக்கத் தொடங்கியதும் மருத்துவமனை நிறுவனத்தைக் காட்டுகிறது, நிறுவனம் மருத்துவமனையைக் காட்டுகிறது. விதியைப் படித்தால் பொறுப்பு கழிவை உண்டாக்கும் மருத்துவமனைக்கு என்பது தெளிவு. டெண்டரில் கையுறையின் தடிமன், அளவுகள், மாதத்துக்கு எத்தனை ஜோடி என்று எழுதாதவரை மலிவான கையுறைதான் வரும்.

வெள்ளைக் கொள்கலனில் விழ வேண்டிய ஊசி மஞ்சள் பையில் விழுந்தால் எந்தக் கையுறையும் முழுமையாகக் காக்காது. அது டாக்டரும் செவிலியரும் செய்யும் தவறு; குத்துப்படுவது வேறு ஆள். தடுப்பூசி போடாதவருக்கு அப்படி ஒரு குத்தில் ஹெபடைடிஸ்-பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்ஐவிக்கு ஏறத்தாழ 300-ல் ஒன்று. எச்ஐவிக்கான தடுப்பு மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். இது பயிற்சி மருத்துவருக்குத் தெரியும், இரவில் யாரை எழுப்ப வேண்டும் என்பதும் தெரியும். சலவைக் கூடத்தில் விரிப்பை உதறியவருக்கு, சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம்தான் முதலில் வருகிறது. மாத்திரை எங்கே கிடைக்கும், இரவில் யாருக்கு போன் செய்வது, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது இலவசம், புகார் செய்தவரை வேலையை விட்டு நிறுத்த மாட்டோம் என்ற நான்கு வரிகளைத் தமிழில் எழுதி, சலவைக் கூடத்திலும் கழிவு அறையிலும் பிணவறையிலும் ஒட்டி, கீழே மருத்துவக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.